வரம்பு எழுதாத இடமும் சுழியமும்: சுங்கை சிப்புட்டில் வகுப்பு தடைபட்ட இரண்டு இரவுகள்

ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை. இரவு 7.40க்கு எங்கள் ஐந்தாம் படிவக் கணித வகுப்பு திணற ஆரம்பித்தது. ஆசிரியையின் குரல் அறுந்து அறுந்து வந்தது. பலகையில் அவர் எழுதிய சமன்பாடு பிள்ளைகளின் திரையில் பாதியிலேயே நின்றது. மறுநாள் வியாழக்கிழமை, ஏறக்குறைய அதே நேரத்தில், வகுப்பு முழுதாகவே நின்றுபோனது. புதன்கிழமைக் கோளாறுக்கு நாங்கள் போட்ட திருத்தம்தான் வியாழக்கிழமை வகுப்பை நிறுத்தியது. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிறேன். மெய்நிகர் கணினிகளுக்கு, அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளுக்கு, இணைய வேக வரம்பு வைத்து நடத்துகிற யாருக்கும் இது நேரலாம்.

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பல டவுனின் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன. சில இன்னும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் இரவில் பிரத்தியேக வகுப்புக்கு டவுனுக்கு வந்து போவது லேசு இல்லை. போக்குவரத்து கிடையாது, பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குகிறார்கள். ஆகவே ஐந்தாம் படிவ முடிவில் எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை, இரவு 7.30 முதல் 9.30 வரை, இணையத்தில் பாடம் நடத்துகிறோம். பன்னிரண்டு வீடுகள். அன்று நின்றுபோனது வெறும் காணொளி என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். முன்னோட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கைப்பேசியில் கோடு கிடைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் ஓடுவது கடைவரிசையின் மாடியில், ஒரு சிறிய கூட்டுறவின் அறையில் இருக்கும் ஒரே ஒரு சர்வரில். லினக்ஸ், அதன்மேல் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்க லிப்வர்ட் என்ற மென்பொருள். உள்ளே மூன்று மெய்நிகர் கணினிகள் இருந்தன. 'வகுப்பு' பாடத்தை நடத்தும். 'கணக்கு' கூட்டுறவின் வரவு செலவைப் பார்க்கும். 'கேமரா' கடைவரிசைப் பாதுகாப்புக் கேமராக்களின் பதிவுகளை வாங்கி, வெளியூரில் இருக்கும் ஒரு சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இணையக் கோட்டின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 30 மெகாபிட்.

வேகக் கணக்கு எளிது. ஒரு வீட்டுக்கு நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்றால் பன்னிரண்டு வீட்டுக்கு 18. கேமராவுக்கு வெளியே போகும் வரம்பு 2000 என்று வைத்திருந்தோம். லிப்வர்ட்டில் இந்த எண் நொடிக்குக் கிலோபைட். கிலோபிட் அல்ல. எட்டால் பெருக்கினால்தான் இணைய நிறுவனங்கள் பேசுகிற மெகாபிட் கணக்குக்கு வரும். 2000 என்பது 16 மெகாபிட். 18ம் 16ம் சேர்ந்தால் 34, கோடு 30. ஆகவே வகுப்பு நேரத்தில் கேமராவைக் கால்பங்காகக் குறைக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதியிருந்தோம். இரவு 7.15க்கு ஓடி 2000ஐ 500 ஆக்கும், அதாவது 4 மெகாபிட். 9.45க்கு மறுபடி ஓடிப் பழைய அளவைத் திருப்பி வைக்கும். சில மாதங்களாக ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான்காவதாக ஒரு மெய்நிகர் கணினியைச் சேர்த்தோம். பெயர் 'நூலகம்'. தமிழ்ப்பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்காக. அதற்கு வேக வரம்பு எதுவும் எழுதவில்லை. வேண்டாம் என்று தீர்மானித்து விட்டதும் இல்லை, யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நிரல் பார்க்கும் பட்டியலில் அதைக் கேமராவுக்கு மேலே ஒரு வரியாகச் சேர்த்தார் தம்பி. எங்களோடு தன்னார்வமாக வேலை செய்யும் இளைஞர், கணினித்துறை மாணவர். பெயரைச் சொல்லப்போவதில்லை, தம்பி என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் அமைப்பும் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய உறுப்புகளாக எழுதப்பட்டிருக்கும். நிரல் அந்த வரையறையை வாங்கி, அதில் வேக வரம்பைச் சொல்லும் 'பேண்ட்வித்' என்ற உறுப்பைத் தேடும். அதற்குள், வெளியே போகும் திசைக்கான 'அவுட்பவுண்ட்' என்ற உறுப்பைத் தேடும். அதிலிருந்து சராசரி வேகமான 'ஆவரேஜ்' எண்ணை எடுக்கும். நூலகத்தில் பேண்ட்வித்தே இல்லை. தேடினால் பைத்தான் 'நன்' என்று தரும். ஒன்றுமில்லை என்று பொருள். ஒன்றுமில்லாததற்குள் அவுட்பவுண்ட்டைத் தேடச் சொன்னதும் நிரல் அங்கேயே விழுந்தது. பட்டியலில் நூலகத்துக்குக் கீழே இருந்த கேமராவை அது தொடவே இல்லை. கேமரா 16 மெகாபிட்டிலேயே ஓடியது. 34 மெகாபிட்டை 30க்குள் திணித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பதிவேட்டில் பிழை தெளிவாக இருந்தது. அன்று இரவே கேமராவைக் கையால் குறைத்தேன். வகுப்பு ஒருவாறு முடிந்தது.

வியாழக்கிழமை

மறுநாள் மதியம் தம்பி திருத்தத்தைக் காட்டினார். "அண்ணே, பேண்ட்வித் இல்லைன்னா சீரோன்னு எடுத்துக்கச் சொல்லிட்டேன். இனி விழாது."

"இல்லைன்னா சீரோதானே," என்று நானும் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். நூலகத்தின் மேல் ஓட்டிப் பார்த்தோம். விழவில்லை. வரம்பு சுழியம் என்று காட்டியது. வரம்பில்லாத கணினிக்குச் சுழியம் காட்டுகிறது, சரி என்று விட்டுவிட்டோம். வரம்பு உள்ள கணினியின் மேல் ஓட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்த ஒன்றுதான்.

இரவு 7.15க்கு நிரல் ஓடியது. எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பதிவேட்டில் எழுதியது. 7.40க்கு வகுப்பு நின்றது. முந்தைய நாளில் குரல் அறுந்தது. இன்று குரலே இல்லை. கோட்டின் முப்பது மெகாபிட்டையும் ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் பார்த்தால் கேமராதான்.

உடனே கேமராவின் வரையறையைத் திறந்தேன். வெளியே போகும் வரம்பு 2000 என்று அழகாக இருந்தது. வரம்பு இருக்கிறதே, பிறகு எப்படி மீறுகிறது? கேமராவுக்குள் ஓடும் மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அந்த மெய்நிகர் கணினியை மறுதொடக்கம் செய்தேன். 8.05க்கு அது எழுந்து வந்தபோது வேகம் 16 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. அப்புறம் கையால் 500 ஆக்கினேன். ஆனால் அதற்குள் பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆசிரியை வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்.

இந்த மறுதொடக்கம் நல்லது போலத் தோன்றினாலும் எங்களைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது. லிப்வர்ட்டில் ஒரு மெய்நிகர் கணினிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று நிலையான வரையறை. அடுத்த முறை தொடங்கும்போது அதுதான் வாசிக்கப்படும். மற்றொன்று இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலை. எங்கள் நிரல் நிலையான வரையறையை வாசித்து, ஓடும் நிலையில் எழுதும். ஆகவே வரையறையில் 2000 அப்படியே இருந்தது. ஓடும் நிலையில் வரம்பு போய்விட்டிருந்தது. மறுதொடக்கத்தில் வரையறையிலிருந்து 2000 மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. நான் பார்த்ததெல்லாம் உண்மைதான், ஆனால் பார்த்த இடம் வேறு.

வெள்ளிக்கிழமை காலை

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாத நாள். காலையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். இந்த முறை ஓடும் நிலையைக் கேட்டேன். லிப்வர்ட்டின் 'விர்ஷ்' கருவியில் 'டொமிஃப்டியூன்' என்று ஒரு கட்டளை உண்டு, ஓர் இடைமுகத்தின், அதாவது மெய்நிகர் கணினியின் வலை இணைப்பின், இப்போதைய வேக அளவுகளைச் சொல்லும். கேமராவின் அளவுகள் எல்லாம் சுழியம். இரவு 8.05க்குப் பிறகு 500 என்று நானே வைத்து, நானே பார்த்திருந்தேன். இடையில் யாரும் தொடவில்லை. தொட்டது ஒன்றே ஒன்று, 9.45க்கு ஓடிய எங்கள் நிரல்.

நம்பாமல் லினக்ஸ் பக்கத்திலும் பார்த்தேன். இந்த வரம்பை உண்மையில் நடைமுறைப்படுத்துவது லிப்வர்ட் அல்ல, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். லிப்வர்ட் 'டிசி' கருவியின் வழியாகச் சொல்லும், கெர்னல் செய்யும். இங்கே திசை தலைகீழாகும், அதில் குழம்பாமல் இருக்க வேண்டும். மெய்நிகர் கணினியிலிருந்து வெளியே போவது, சர்வரின் பக்கத்தில் இருக்கும் 'விநெட்' இடைமுகத்துக்கு உள்ளே வருவதாகத் தெரியும். உள்ளே வருவதை வரிசையில் நிறுத்திப் பொறுமையாக அனுப்ப நேரடி வழியில்லை. அளவுக்கு மேல் வந்த தரவுப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுவதுதான் நடக்கும். மறுதிசைக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு உள்ளே போவதற்கு, எச்டிபி என்ற முறையில் வரிசை கட்டி நிதானமாக அனுப்பலாம். ஆகவே கேமராவின் 'வெளியே' வரம்பைப் பார்க்க விநெட்டின் உள்வரும் பக்கத்தில் தேட வேண்டும். தேடினேன். அங்கே விதியே இல்லை. ஒருமுறை தவறான விநெட்டையும் பார்த்துவிட்டேன். மறுதொடக்கத்தில் அந்த எண் மாறிவிடும். இடைமுகத்தை, அதற்கென்றே இருக்கும் மேக் முகவரி எண்ணால் அடையாளம் காண்பதே நல்லது. நிரலும் அப்படித்தான் செய்கிறது.

அப்புறம் தம்பியைக் கூப்பிட்டேன். இருவரும் நிரலை வரி வரியாக வாசித்தோம். நூலகத்துக்குச் சுழியம் வருவது புரிகிறது. 2000 இருக்கிற கேமராவுக்கு ஏன் சுழியம்?

விடை பைத்தானின் ஒரு பழைய வழக்கத்தில் இருந்தது. தம்பி, 'அவுட்பவுண்ட் இருந்தால் எண்ணை எடு, இல்லாவிட்டால் சுழியம்' என்று எழுதியிருந்தார். இருந்தால் என்பதைப் பைத்தானில் சுருக்கமாக உறுப்பின் பெயரை மட்டும் போட்டுச் சோதித்திருந்தார். எக்ஸ்எம்எல்லை வாசிக்கப் பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீ தொகுப்பில், ஓர் உறுப்புக்குள் பிள்ளை உறுப்புகள், அதாவது உள்ளடங்கிய உறுப்புகள், இல்லை என்றால், அந்த உறுப்பு இருந்தாலும் சோதனையில் 'பொய்' என்றே வரும். பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் அது பார்க்கிறது. 'அவுட்பவுண்ட்' உறுப்புக்குள் பிள்ளை கிடையாது, எண்கள் அதன் பண்புகளாக இருக்கின்றன. ஆகவே எப்போதும் பொய். எப்போதும் சுழியம். வெளியே இருக்கும் 'பேண்ட்வித்' உறுப்புக்குப் பிள்ளைகள் உண்டு, ஆகவே அதே சோதனை அங்கே சரியாக வேலை செய்தது. ஒரே மாதிரி எழுதிய இரண்டு வரியில் ஒன்று சரி, ஒன்று தவறு. கண்ணால் வாசித்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பைத்தான் 3.12 முதல் இப்படிச் சோதித்தால் எச்சரிக்கை உண்டு. எங்கள் சர்வரில் இருந்தது அதற்கு முந்தியது. 'நன் இல்லையா' என்று நேராகக் கேட்டிருந்தால் தவறே வந்திருக்காது.

சுழியம் வந்தது. அதைக் கால்பங்காக்கினால் மறுபடி சுழியம். அதை லிப்வர்ட்டுக்கு அனுப்பினோம். லிப்வர்ட்டில் ஒரு திசையின் சராசரியைச் சுழியம் என்று வைத்தால், அந்தத் திசையின் வரம்பை நீக்கு என்று பொருள். குறைக்கச் சொன்ன நிரல், வேலியையே பிடுங்கி எறிந்துவிட்டது. 'கணக்கு' கணினியின் வரம்பையும் அது நீக்கியிருந்தது. அது அதிகம் அனுப்பாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

இல்லை என்பதற்கு எத்தனை பொருள்

தம்பியின் ஒரு வரியைத் திருத்திவிட்டு மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் 'இல்லைன்னா சீரோதானே' என்ற நினைப்பு தவறு என்றால், எங்கெல்லாம் தவறு என்று பார்க்க வேண்டும் என்று பட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க அதற்கே போனது. வரம்பு எழுதப்படாமல் இருப்பது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாகப் பொருள்படுகிறது.

வரையறையில் பேண்ட்வித் உறுப்பு இல்லை என்றால் வரம்பு இல்லை. முழுக் கோட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் ஒரு விலக்கு உண்டு. லிப்வர்ட்டில் ஒரு நெட்வொர்க்குக்குள் 'போர்ட்குரூப்' என்று குழுக்கள் வைத்து, அந்தக் குழுவுக்கே வரம்பு எழுதலாம். இடைமுகத்தில் தனியாக எழுதியிருந்தால் அது மேலோங்கும், எழுதாவிட்டால் குழுவின் வரம்பு வந்து சேரும். அப்படிப்பட்ட அமைப்பில், இடைமுகத்தின் வரையறையை மட்டும் பார்த்து வரம்பில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

ஓடும் நிலையைக் கேட்டால் 'இல்லை' என்ற பதில் வராது, சுழியம் வரும். கேட்பதற்கு இது போதும். ஆனால் கேட்டு வாங்கியதை அப்படியே திருப்பி எழுதுகிற நிரல்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, ஏனென்றால் எழுதும்போது சுழியம் என்பது ஓர் உத்தரவு. நீக்கு என்கிற உத்தரவு.

எழுதும்போது ஒரு திசையைச் சொல்லாமல் விட்டால், அந்தத் திசை இருந்தபடியே இருக்கும். வெளியே போவதை மட்டும் சொன்னால் உள்ளே வருவதைத் தொடாது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு திசைக்குள் சில எண்களை விட்டால் கதை வேறு. 'ஆவரேஜ்' மட்டும் சொல்லி, உச்ச வேகமான 'பீக்', அந்த வேகத்தில் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவான 'பர்ஸ்ட்' இரண்டையும் விட்டால், அந்தத் திசைக்கு முன்பு எழுதியிருந்த பீக்கும் பர்ஸ்டும் போய்விடும். திசை முழுதாகவே மாற்றப்படுகிறது. திசையையே சொல்லாமல் விட்டால் அது அப்படியே இருக்கும், திசைக்குள் ஓர் எண்ணைச் சொல்லாமல் விட்டால் அது அழியும். இரண்டும் ஒரே அழைப்புக்குள்.

இடைமுகத்தின் முழு எக்ஸ்எம்எல்லைக் கொடுத்து 'இதைப் போல மாற்று' என்று சொல்ல இன்னொரு வழி உண்டு. அதில் பேண்ட்வித்தை விட்டால், இருந்த வரம்பு நீக்கப்படும். கேபிளைக் கழற்றி மாட்டுவது போல இணைப்பு நிலையை மட்டும் மாற்ற நினைத்து, சுருக்கமான எக்ஸ்எம்எல் எழுதி அனுப்புகிறவர்கள் இங்கே கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

எல்லா 'இல்லை'யும் ஆபத்து என்றும் சொல்ல மாட்டேன். வெளியே போகும் திசைக்குப் பர்ஸ்ட் எழுதாவிட்டால், கெர்னலுக்குச் சொல்லும் விதியில் லிப்வர்ட் சராசரி எண்ணையே பர்ஸ்டாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் எண்ணிலிருந்து நியாயமாக ஒன்றைத் தேர்கிறது. யோசித்து வைத்த இயல்புநிலை அது. எங்கள் சுழியம் யோசிக்காமல் வந்தது.

லிப்வர்ட் எழுதப்பட்டிருக்கும் சி மொழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அதற்குள் வேக வரம்பு என்பது, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் இரண்டு சுட்டிகள் கொண்ட ஒரு கட்டமைப்பு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஒவ்வொன்றும் நான்கு எண்கள் கொண்ட வேறொரு கட்டமைப்பைக் காட்டும்: ஆவரேஜ், பீக், ஃப்ளோர், பர்ஸ்ட். கட்டமைப்பே இல்லாமல் இருக்கலாம். கட்டமைப்பு இருந்து, உள்ளே சுட்டி மட்டும் 'நல்' ஆக, அதாவது எதையும் காட்டாமல், இருக்கலாம். அல்லது வெளியே சுட்டி மட்டும். மூன்றையும் சோதிக்காமல் எண்ணைத் தொட்டால், பைத்தானைப் போலப் பிழை சொல்லிவிட்டு நிற்காது, டீமன், அதாவது பின்னணியில் ஓடும் லிப்வர்ட் நிரல், முழுதாக விழும். ஆறுதல் ஒன்று உண்டு. மெய்நிகர் கணினிகள் தனித்தனி கியூஇமு செயல்முறைகளாக ஓடுவதால், நிர்வகிக்கும் டீமன் விழுந்தாலும் அவை ஓடிக்கொண்டிருக்கும். டீமன் மறுபடி எழுந்ததும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் நிர்வாகம் செய்ய வழியில்லாத அந்த நேரத்தில் 7.15 வந்துவிட்டால் வரம்பை மாற்ற முடியாது.

விழுவதைவிட மோசமானது விழாமல் இருப்பது என்று இந்த இரண்டு இரவுகளுக்குப் பிறகு எனக்குத் திடமாகத் தோன்றுகிறது. புதன்கிழமை நிரல் விழுந்தது. பிழை எங்கே என்று அதுவே சொன்னது. பழைய வரம்பு அப்படியே இருந்தது. வியாழக்கிழமை நிரல் விழவில்லை. 'சரி' என்று எழுதிவிட்டு வரம்பை நீக்கியது.

கூட்டுறவுத் தலைவர் ஐயாவிடம் வெள்ளிக்கிழமை மாலை இதைச் சொல்லப் போனேன். ஐயாவின் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர். நான் சுழியத்தையும் இல்லாததையும் விளக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் வரவில்லை என்றால், வருகைப் பதிவான செக்ரோலில் அதற்கு ஒரு குறி. ஆள் வந்து, மழை பிடித்துக்கொண்டு, பால் வெட்ட முடியாமல் போனால் அதற்கு வேறு கணக்கு. "ரெண்டையும் ஒரே மாதிரி எழுதினா, வேலைக்கு வந்தவனோட சம்பளத்தைத்தானே நீ வெட்டுற?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என்ன மாற்றினோம்

நிரலுக்குள் ஒரு திசையின் வரம்பு இனி வெறும் எண் அல்ல. மூன்றில் ஒன்றாக இருக்கும்: 'சொல்லப்படவில்லை', 'வரம்பில்லை', அல்லது சுழியத்தைவிடப் பெரிய ஓர் எண். சுழியம் எண்ணாக உள்ளே வரவே முடியாது, வந்தால் அங்கேயே மறுக்கப்படும். வரையறையில் இல்லை என்றால் 'சொல்லப்படவில்லை' ஆகும். அந்தத் திசைக்கு நிரல் எதையும் எழுதாது. லிப்வர்ட்டின் 'சொல்லாவிட்டால் இருந்தபடி' ஏற்பாட்டை இப்போது வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். 'வரம்பில்லை' என்பது பட்டியலில் ஒரு மனிதர் அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதியிருந்தால் மட்டுமே வரும். எந்தக் கணக்கின் விடையாகவும் அது வராது.

கால்பங்கு எடுக்கும்போது ஒரு கீழ்வரம்பு வைத்தோம். சின்ன எண்ணைக் கால்பங்காக்கி முழு எண்ணாக வெட்டினால் அதுவும் சுழியம் ஆகிவிடும். 3ஐ நான்கால் வகுத்து வெட்டினால் என்ன வரும் என்று பாருங்கள். பேண்ட்வித் இல்லாத நிலையை அடைத்துவிட்டு இந்த வாசலைத் திறந்து வைத்திருந்தால், என்றைக்காவது அதே கோளாறு வேறு வழியாக வந்திருக்கும். பீக்கும் பர்ஸ்டும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறோம், இல்லாவிட்டால் அவை அழியும் என்பதால்.

ஒரு மெய்நிகர் கணினியில் பிழை வந்தால் அதைப் பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. புதன்கிழமை நூலகத்தின் பிழை கேமராவைப் பாதித்ததற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் முடிவில் ஒரு பிழையாவது இருந்தால் நிரல் தோல்வி என்றே அறிவிக்கும், எங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும். பிழையை விழுங்கிவிட்டுச் 'சரி' சொல்லாது.

எழுதிய பிறகு ஓடும் நிலையைத் திரும்ப வாசித்து, கேட்டதும் கிடைத்ததும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒரு வாசிப்பு, ஓர் ஒப்பீடு, அவ்வளவுதான். இது மட்டும் முன்பே இருந்திருந்தால் வியாழக்கிழமை 7.15க்கே தெரிந்திருக்கும், வகுப்பு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது.

சோதனைக்கு எக்ஸ்எம்எல் மாதிரிகளை எழுதினோம். பேண்ட்வித்தே இல்லாதது. பேண்ட்வித் இருந்து உள்ளே காலியாக இருப்பது. உள்ளே வரும் திசை மட்டும். வெளியே போகும் திசை மட்டும். இரண்டும். இடைமுகமே இல்லாதது, இரண்டு இடைமுகங்கள் உள்ளது. கடைசியாக ஒன்றைத் தம்பிதான் கண்டுபிடித்துச் சேர்த்தார்: உள்ளே வரும் திசையில் ஆவரேஜ் இல்லாமல் ஃப்ளோர் மட்டும் இருப்பது. ஃப்ளோர் என்பது குறைந்தபட்சமாக இவ்வளவு வேகம் கிடைக்கும் என்ற உறுதி. உள்ளே வரும் திசைக்கு ஆவரேஜ் இல்லாமல் ஃப்ளோர் மட்டும் எழுதுவது லிப்வர்ட்டில் செல்லும். வெளியே போகும் திசைக்கு ஆவரேஜ் கட்டாயம். எங்கள் சர்வரில் ஃப்ளோர் எங்கும் இல்லை. என்றாலும் உறுப்பு இருந்து எண் இல்லாத நிலை ஒன்று உண்டு என்று தெரிந்தபின் அதைச் சோதிக்காமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை. இந்தச் சோதனைகளைப் பழைய நிரலின் மேலும் ஓட்டிப் பார்த்தோம். வியாழக்கிழமை நிரல் 'வெளியே மட்டும்' மாதிரியிலேயே தோற்றது. தோற்க வேண்டியது தோற்றதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சோதனைகளை நம்பினேன்.

ஒன்றில் மட்டும் எனக்கும் தம்பிக்கும் ஒத்துவரவில்லை. வரம்பு சொல்லாத புதுக் கணினிக்கு நிரலே ஒரு பாதுகாப்பான வரம்பு போட்டுவிடலாம் என்றார் அவர், உதாரணமாக 250. வகுப்பு காப்பாற்றப்படும் என்பது அவர் வாதம். தப்பான வாதம் இல்லை. ஆனால் நான் மறுத்தேன். யாரும் எழுதாத எண்ணை நிரல் தானாக எழுதினால், ஆறு மாதம் கழித்து நூலகம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் கேட்கும்போது, விடை எந்தக் கோப்பிலும் இருக்காது. பதிலாக, பட்டியலில் இருக்கும் ஒரு கணினிக்கு வரம்போ 'வரம்பில்லை' என்ற சொல்லோ இல்லாவிட்டால் நிரல் அதைத் தொடாமல், தினமும் எங்களுக்குச் செய்தி அனுப்பும். யாராவது தீர்மானித்து எழுதும் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். தம்பி அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரியை விட்டுப்போன பாடத்தை நடத்தினார். நேரம் மாறியதால் நிரலைக் காலை 9.45க்குக் கையால் ஓட்டினோம். கணக்கு 400லிருந்து 100. கேமரா 2000லிருந்து 500. இரண்டையும் திரும்ப வாசித்துச் சரிபார்த்தது. நூலகத்துக்கு 'சொல்லப்படவில்லை, தொடவில்லை' என்று எழுதியது. விநெட்டிலும் விதி இருக்கிறதா என்று நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் வந்தார்கள். அந்தப் பெண் இந்த முறை தன் வீட்டுக்குள்ளிருந்தே சேர்ந்திருந்தாள், பின்னால் சேவல் கூவுவது கேட்டது.

வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்கு என்ன எழுதுவது என்று பள்ளி நூலகப் பொறுப்பாசிரியரைப் போனில் கேட்டேன். பிள்ளைகள் இரவில் பட்டியலைப் பார்ப்பதில்லை, 250 தாராளம் என்றார். தம்பி சிரித்துக்கொண்டே பட்டியலைத் திறந்து, அந்த வரியில் 250 என்று எழுதினார், பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் தேதி என்பதையும் சேர்த்து.